திருப்பிக் கேட்ட சீட்டு

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்த முதல் வாரத்திலேயே என் மாமியார் இதைப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தார். இருபத்து மூன்று வருஷமாக நான் அவர் சொல்லைப் பொய்யாக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியை, பெண்களிடம் நயமாகப் பேசிக் காரியம் முடிக்கும் வேலைக்கு எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்கே புரியவில்லை. நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முக்கியமான கேள்வி, மேடு ஏறுவீர்களா என்பதுதான். ஏறுவேன் என்றேன். நர்ஸ் வேலை பார்த்த பழைய சான்றிதழ்களைக்கூட அவர்கள் அப்புறம்தான் புரட்டினார்கள்.

வேலை இதுதான். கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்கிற வைரஸ்தான் பெரும்பாலும் காரணம். அந்த வைரஸ் உடம்பில் தங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டால், புற்று வருவதற்குப் பல வருஷம் முன்பே ஆளைப் பிடித்து வைத்தியம் செய்துவிடலாம். ஆனால் அதற்கு ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போய், மேசையில் படுத்து, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் காலை அகட்ட வேண்டும். எஸ்டேட் பெண்களில் யார் ஒரு நாள் லீவு போட்டு இதற்குப் போவார்கள்? அதனால், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய், ஒரு மெல்லிய பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, அவர்களே மறைவில் மாதிரி எடுத்துத் தந்தால் சரியாக வருமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. தலைமை டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். சத்தமே இல்லாமல் பேசுவார். எனக்கும் சேர்த்து அவருக்குப் பொறுமை இருந்தது.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் எனக்குக் கிடைத்தது பத்தொன்பது பேர் கொண்ட ஒரு கூட்டம். எல்லாரும் ஒரே காட்டில், அதாவது எஸ்டேட்டின் ஒரே தேயிலைப் பகுதியில், இலை எடுப்பவர்கள். பாதிப் பேரின் பெற்றோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். அதனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் வீட்டு வரிசையை லயம் என்பார்கள், காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள், சூப்பர்வைசரைக் கங்காணி என்பார்கள். முடியாது என்பதற்கு ஏலாது. முதல் வாரத்தில் அந்த வார்த்தையைத்தான் அதிகம் கேட்டேன்.

"ஏலாது சிஸ்டர். இதெல்லாம் எங்களுக்கு ஏலாது" என்று முதலில் சொன்னவள் ஊதா ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி. வெயில், மழை, மாதா கோயில் திருவிழா, எதுவானாலும் அதே ஸ்வெட்டர். கூட்டத்தின் வாய் அவளுடையது. மற்ற பதினெட்டுப் பேரும் மனசுக்குள் நினைப்பதை அவள் உரக்கச் சொல்லிவிடுவாள்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரஷ்ஷின் பின்பக்கத்தில் வைத்துத்தான் செய்முறை விளக்கம். என் இடது கையைப் பொத்திப் பிடித்து, இதுதான் கர்ப்பப்பைன்னு வச்சுக்குங்க என்று ஆரம்பித்தேன்.

"சிஸ்டர் கர்ப்பப்பையில வளையல் போட்டிருக்காங்கடி" என்றாள் ஊதாக்காரி.

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. கிரஷ்ஷில் தூங்கிய பிள்ளைகள் எழுந்து அழுதன. பக்கத்தில் நின்ற கங்காணி, தனக்குத் திடீரென்று தொழிற்சாலையில் வேலை இருப்பது நினைவு வந்து, திரும்பிப் பார்க்காமல் போனார். பிரஷ்ஷை எடுத்துக் காட்டினேன். பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். இதை உள்ளே விட்டு, மெதுவாகச் சில சுற்று சுற்றி, வெளியே எடுத்து, நீல மூடி போட்ட இந்தச் சின்னக் குழாயில் போட்டு மூடித் தர வேண்டும் என்றேன். "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு மணி நேரம் பேசுனீங்க?" என்றாள் ஒருத்தி. "ஏனுங்க, பேசவுட்டாத்தானுங்க முடிக்கறதுக்கு" என்றேன் நான்.

சிரித்தார்களே தவிர யாரும் கையை நீட்டவில்லை. இங்கேதான் என் குணம் வேலையைக் காட்டியது. பக்கத்துக் காட்டுக் கூட்டத்தில் இரண்டு பேர் என்னைக் கண்டதும் தேயிலைச் செடிக்குள் குனிந்துகொண்டது எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல். அதை இவர்களிடம் கொட்டினேன்.

"பாருங்க, அந்தக் காட்டுல ரெண்டு பேரு ஓடிப்போனாங்க. உங்க காட்டுல அப்படி ஆகக்கூடாதுங்க. பத்தொம்பது பேருன்னா பத்தொம்பது குழாய் எனக்கு வரோணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் இந்த மேட்ட உட்டு எறங்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

இது வேலை செய்தது. அவர்களுக்குப் பக்கத்துக் காட்டுடன் ஏதோ பழைய போட்டி. ஊதாக்காரி முதலில் எழுந்தாள். அதற்குப் பிறகு வரிசை நின்றது. கிரஷ்ஷின் கழிப்பறைக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவர்கள் வெளியே வரும்போது, இதுக்கா பயந்தோம் என்று அடுத்தவள் முதுகில் தட்டி அனுப்பினார்கள்.

கடைசியாக வந்தவள் ஓர வரிசைக்காரி. காட்டின் எல்லையில், சோலையை ஒட்டிய கடைசி வரிசையை அவள் எப்போதும் தானே கேட்டு வாங்கிக்கொள்வாளாம். காட்டெருமை வந்து நிற்கும் இடம் என்பதால் வேறு யாரும் அங்கே போவதில்லை. அதிகம் பேசாதவள். பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. "நான் கூடப் போறன், கதவப் புடிச்சுக்கிறன்" என்று ஊதாக்காரி, முன்பு சிலருடன் போனது போலவே, அவளுடனும் போனாள். சிறிது நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். பத்தொன்பதாவது குழாய் என் பெட்டிக்குள் விழுந்தது.

அன்று ஜீப்பில் திரும்பும்போது டாக்டருக்குப் போன் போட்டு, நூற்றுக்கு நூறு என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் என் கணவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவரே முடித்து வைத்தார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. பத்தொன்பது பேருக்கும் வைரஸ் இல்லை. ஆளுக்கொரு சீட்டு அச்சடித்து, கோத்தகிரி பேக்கரியில் ஒரு பெரிய பொட்டலம் வர்க்கி வாங்கிக்கொண்டு போனேன். பெரட்டில் பேர் கூப்பிடுவது போலவே ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். வர்க்கியைத் தேநீரில் முக்கிச் சாப்பிட்டபடி சீட்டை வாசித்தார்கள். ஓர வரிசைக்காரி தன்னுடையதை இரண்டு முறை படித்தாள். மடித்து, ரவிக்கைக்குள் இருந்த பர்ஸில் வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல காரியம் செய்கிறோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நிறைவு இரண்டு வாரம் நின்றது. ஒரு நாள் வழியில் மரம் விழுந்து ஜீப் தாமதமாகிவிட்டது. எப்போதும் காலையில் போகிற நான் அன்று மத்தியானம் இலை நிறுக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். தகரக் கூரைக்குக் கீழே தராசு தொங்கியது. கங்காணி பேர் கூப்பிட, ஒவ்வொருத்தியாகப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஒரு அம்மாளுக்குக் காய்ச்சல். பை சோர்ந்து கிடந்தது. அவளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள், கங்காணி நோட்டைப் பார்க்கும் நேரம் பார்த்து, தங்கள் பையிலிருந்து ஒரு கை இலை அள்ளி அவள் பைக்குள் போட்டார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் முறை வருவதற்குள் பை மற்றவர்களுடையதைப் போலவே உப்பிவிட்டது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஊதாக்காரியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"என்னுங்கக்கா இது?"

"பை குறைஞ்சா கங்காணி எல்லாரு முன்னாலயும் பேரச் சொல்லிக் கத்துவாரு சிஸ்டர். ஆளுக்கு ஒரு கை போட்டா ஒருத்தி மானம் நிக்கும். நாளைக்கு எனக்கு ஏலாட்டி அவ போடுவா."

"போடலைன்னா?"

"போடாட்டிப் போறா. போட்டதத் திருப்பிக் கேக்குற வழக்கமே கெடையாது. கேட்டவ மூஞ்சியில அப்புறம் லயத்துல ஒரு நாயும் முழிக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கும் ஒண்ணு குறையக் கூடாதுன்னுதான அன்னைக்கு நானே ரெண்டு குழாய்..."

அங்கே நிறுத்தினாள். நிறுத்தியது தாமதமாகிவிட்டது.

பத்தொன்பது குழாயில் ஒன்று இவள் இன்னொருத்திக்காகக் கொடுத்தது. இலை குறைந்தவளுக்கு ஒரு கை போடுவது போல, பயந்தவளுக்கு ஒரு குழாய் போட்டிருக்கிறாள். வரிசையில் இருந்த யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"யாருக்குங்க குடுத்தீங்க?" என்றேன். அவள் தராசைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்தேன். பதினெட்டு முகமும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் கத்தினேன். இது என்ன தேயிலையா, ஆளுக்கு ஆள் மாற்றிப் போட? படித்துப் படித்துச் சொன்னேனே, ஒருத்தி உடம்பில் எடுத்ததை இன்னொருத்தி பேரில் போடலாமா, மண்டையில் மூளை இருக்கிறதா, என் மானமே போச்சே. கடைசியில் வந்தது என் மானம்தான் என்பதை அவர்கள் கவனித்தார்கள். பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்கள். கங்காணி மட்டும் எனக்கு ஒரு டீ வேண்டுமா என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த திருப்தியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சிஸ்டர், நீங்க அவங்ககிட்ட முதல்ல என்ன கேட்டீங்க?"

"பத்தொம்பது குழாய் வேணும்னு கேட்டேங்க."

"குடுத்துட்டாங்களே" என்றார். கோபமே இல்லாமல் இப்படிச் சொல்ல அவரால்தான் முடியும். "ஆய்வுல ஒரு தப்பு நடந்ததுன்னு நான் எழுதி அனுப்பிடுறேன். அது பெரிசில்லை. ஆனா ஒருத்தி கையில இன்னொருத்தியோட சீட்டு இருக்கு. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நம்பிட்டு அவ பாட்டுக்கு இருப்பா. அவளுக்கு ஏதாச்சும் இருந்தா?"

அதுவரை எனக்கு என் நூற்றுக்கு நூறு போன துக்கம்தான். அதற்குப் பிறகுதான் அந்த யாரோ ஒருத்தியை நினைத்துச் சாப்பாடு இறங்காமல் போனது. பத்தொன்பது பேருக்கும் மறுபடி பிரஷ் கொடுக்கலாம். மறுபடியும் யாராவது இரண்டு கொடுப்பார்கள். கழிப்பறைக்குள் நானா கூடப் போய் நிற்க முடியும்?

அடுத்த சந்தை நாளில் கோத்தகிரியில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஊதா நிறம் தெரிந்தது.

"சிஸ்டர், நீங்க கத்துனது சரிதான்" என்றாள். அவள் இப்படி ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

கேரட் கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று சொன்னாள். அவள் கொடுத்தது ஓர வரிசைக்காரிக்காக. ஓர வரிசைக்காரியின் அம்மா கர்ப்பப்பைப் புற்றில் இறந்தவர். ரத்தம் போய்ப் போய், லயத்து அறையிலேயே கிடந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது இவளுக்குப் பதினாறு வயது. இப்போது மூன்று மாதமாக இவளுக்கும் மாதவிலக்கு இல்லாத நாளில் துணியில் ரத்தம் படுகிறது. அது ஊதாக்காரிக்கு மட்டும் தெரியும். அன்று கதவுக்குப் பின்னால் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, "இத நான் குடுத்தா அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும்னு எழுதி வந்துரும்டி" என்று நடுங்கியிருக்கிறாள். ஊதாக்காரி அதைப் பிடுங்கித் தானே செய்து கொடுத்துவிட்டாள்.

"அப்ப அது பெரிசாத் தெரியல சிஸ்டர். ஆனா இப்ப என்னா பண்ணிருக்கா தெரியுமா? அந்தச் சீட்ட மாதா படத்துக்குப் பின்னால வச்சு மெழுகுவத்தி ஏத்துறா. தனக்கு ஒண்ணும் இல்லன்னு எங்கிட்டயே சொல்லுறா. குழாய்ல போட்டது நான்! அவளுக்கே அது மறந்துபோச்சு. என்னோட சீட்டுல அவ நிம்மதியா இருக்கா. என்னாலதான் இருக்க ஏலல."

ரத்தம் பட்டால் இந்த பிரஷ் மட்டும் போதாது, டாக்டர் நேரிலேயே பார்த்தாக வேண்டும், தள்ளிப்போடவே கூடாது என்றேன். நான் நேரே லயத்துக்கு வந்து பேசுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வந்தா கதவச் சாத்திருவா. நாளைக்கு மத்தியானம் நிறுக்குறப்ப பெட்டியோட வாங்க. மத்தத நான் பாத்துக்கிறன்."

போனேன். முதலில் நான் பேச வேண்டியதைப் பேசினேன். நான் ஆட்களைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டேன், கத்தியதும் தப்பு, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் கொடுத்தால் போதும், கொடுக்காதவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாததால் குரல் பாதியில் தடம்புரண்டது. சிலர் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள், "பரவால்ல விடுங்க சிஸ்டர், எங்க கங்காணி கத்தாததா" என்றாள். என்னையும் கங்காணியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாள். வாங்கிக்கொண்டேன்.

தராசு ஓடிக்கொண்டிருந்தது. ஓர வரிசைக்காரி தன் பையை மாட்டிவிட்டு இறக்கும்போது, ஊதாக்காரி வரிசையை விட்டு வந்து அவள் எதிரே நின்றாள்.

"அடியே, நான் போட்டதத் திருப்பிக் குடு."

கங்காணிகூடப் பென்சிலை நிறுத்திவிட்டார்.

"எதைடி?"

"மாதா படத்துக்குப் பின்னால வச்சிருக்கியே, அத. அது என் ஒடம்புல எடுத்தது. எனக்கு வேணும். குடு."

ஓர வரிசைக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. "போட்டதத் திருப்பிக் கேக்குறியா?"

"கேக்குறன்."

"எல்லாரு முன்னாலயும்?"

"எல்லாரு முன்னாலயும்தான் கேக்குறன். உன்னோடத நீ குடு. என்னோடத எனக்குத் தா."

பெண்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஒருத்தி காறித் துப்பினாள். பங்கேற்பவர்களின் ரகசியம் காக்கப்படும் என்று எங்கள் ஒப்புதல் படிவத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் அந்தப் படிவக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, எதுவும் செய்யத் தெரியாமல் நின்றேன்.

ஓர வரிசைக்காரி பையை அப்படியே போட்டுவிட்டு மழையில் லயத்தை நோக்கி ஏறினாள். போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முந்தானைக்குள் நனையாமல் பொத்திக் கொண்டுவந்த சீட்டை ஊதாக்காரியின் முகத்தில் விட்டெறிந்தாள். "இந்தா. இத வச்சு நீ நல்லா இரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்து கிடந்தது.

"கொண்டாங்க சிஸ்டர் அந்தச் சனியன."

பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு கிரஷ் கழிப்பறைக்குப் போனாள். தாழ்ப்பாள் இன்னும் சரி செய்யப்படவில்லை. இந்த முறை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். உள்ளேயிருந்து ஊதாக்காரியைத் திட்டும் சத்தம் நிற்கவே இல்லை. அவள் ஸ்வெட்டரை, அவள் வாயை, அவள் புருஷனை, அவள் வைக்கும் ரசத்தை. அவ்வளவு வார்த்தை அவளுக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. குழாயை என் கையில் திணித்தபோது, தயங்கித் தயங்கி, ரத்தம் படுகிறதென்றால் டாக்டரும் பார்க்க வேண்டும் என்றேன்.

"அதுக்கும் வாரன். அவ சீட்டுல பொழைக்கணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல."

அந்த வாரமே கோத்தகிரியில் டாக்டர் அவளைப் பார்த்தார். கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற ஒரு திரவத்தைத் தடவியதும் ஓர் இடம் வெள்ளையாக மாறியது. அங்கிருந்து சிறு துணுக்குச் சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். குழாயிலும் வைரஸ் இருப்பதாகவே வந்தது. சதையின் முடிவு வர இன்னும் நாளாகும் என்றார்கள்.

அந்த நாட்களில் காட்டில் நடந்ததை ஊதாக்காரி பிறகு சொல்லித்தான் தெரியும். அவளிடம் யாரும் பேசவில்லை. ஒரு நாள் கையில் குளவி கொட்டி வீங்கி, இலை பாதிதான் எடுக்க முடிந்தது. முன்னும் பின்னும் நின்றவர்கள் ஒரு கைகூடப் போடவில்லை. கங்காணி பேரைச் சொல்லிக் கத்தினார். "இருவது வருசத்துல மொத தடவ சிஸ்டர். நல்லாத்தான் கத்துறாரு மனுசன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று நான் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். டாக்டர் போனில், "புற்று இல்லை சிஸ்டர். அதுக்கு முந்தின நிலை. இப்படியே விட்டிருந்தா சில வருஷத்துல ஆகியிருக்கலாம். அந்தப் பகுதியை மட்டும் எடுத்துட்டாப் போதும்" என்றார். நான் போட்ட கூச்சலில் ஊட்டி பஸ் கண்டக்டர், யாரையோ விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. வயசுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன்.

நேரே காட்டுக்குப் போய், அவளுடைய ஓர வரிசையிலேயே வைத்துச் சொன்னேன். கேட்டதும் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அம்மாவுக்கு வந்தது இல்லையா?"

"அங்க போற வழியில இருந்துச்சுங்க. போயிச் சேரறதுக்குள்ள புடிச்சாச்சு."

"எடுத்துட்டா போயிருமா?"

"அனேகமாப் போயிருமுங்க. ஆனா டாக்டர் கூப்புடறப்பெல்லாம் வந்து காட்டோணும். அதுல ஏமாத்தக் கூடாது."

"இன்னொருத்திய அனுப்ப மாட்டன்" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி. நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். தேயிலைச் செடிக்குள் இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்ததைப் பார்த்து, மேல் வரிசைப் பெண்கள் இலை வெட்டும் கத்திரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

சிகிச்சை நாளன்று அவளை அழைத்துப்போக ஜீப் வந்தபோது, தொழிற்சாலைக் கேட்டில் ஊதா ஸ்வெட்டர் நின்றுகொண்டிருந்தது. கையில் ஒரு பிளாஸ்க். கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்தாள். ஓர வரிசைக்காரி அவளைப் பார்க்கவில்லை. இருக்கையில் ஒரு சாண் நகர்ந்து இடம் மட்டும் விட்டாள். கோத்தகிரி வரை ஒரு பேச்சில்லை. அத்தனை நேரம் ஊதாக்காரி வாயைத் திறக்காமல் இருந்ததற்கே அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

மரத்துப்போக ஊசி போட்டு அந்தப் பகுதியை எடுத்து முடிக்க அரை மணிகூட ஆகவில்லை. வெளியே பெஞ்சில் ஊதாக்காரி எனக்குத் தெரிந்த எல்லா ஜெபத்தையும் தெரியாத சிலதையும் சொல்லி முடித்திருந்தாள். கதவு திறந்து டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்று அவர் வழக்கப்படி மெதுவாகச் சொன்னதை, நான் அந்த வராந்தா முழுவதற்கும் கேட்கும்படி திரும்பச் சொன்னேன். நர்ஸ் ஒருவர் வந்து இது ஆஸ்பத்திரி என்று நினைவூட்டினார்.

திரும்பும் வழியில் பனி மூட்டம். டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக இறக்கினார். இரண்டு வளைவு தாண்டியதும் ஊதாக்காரி பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள். ஓர வரிசைக்காரி வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி, வெளியே பனியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா கெடந்தப்ப லயமே வந்து பாத்துச்சு. ஆளுக்கு ஒரு நாள் கஞ்சி வச்சுக் குடுத்தாங்க. துணி தொவச்சாங்க. அம்மா ஆஸ்பத்திரி வேணாம்னுச்சு. சரின்னு விட்டுட்டாங்க. யாரும் அதுகிட்ட ஒரு வார்த்தை கோவமாப் பேசல."

ஒரு வாய் தேநீர் குடித்தாள். பிறகு ஊதாக்காரியை நேராகப் பார்த்தாள்.

"அம்மாகிட்டயும் ஒருத்தி இப்பிடிச் சண்டைக்கு வந்திருக்கலாம்டி."